அமைதிப் பேரவைக்கு ஒரு ராட்செட் திருப்புளி

ஹலோ… ஹலோ… பக்ருதீன் பாய் கடைதானே?… பாயேதானா. வணக்கம் பாய். நான் அமைதிச் செம்மல் ராஜமாணிக்கம் பேசறேன்… செம்மல்… செம்மல், பாய்… ஆமா, ஆமா. நெய்க்கடை ராஜமாணிக்கம்தான். பட்டத்தைச் சொன்னா யாருன்னு கேக்கறீங்க, நெய்யைச் சொன்னா உடனே தெரியுது.

கேளுங்க. திருவூடல் தெருவுல நம்ம அமைதிப் பேரவை ஆபீஸ்ல இருந்து பேசறேன்… ஆமா, போன் வந்துடுச்சு. எனக்கு அவசரமா ஒரு திருப்புளி வேணும். சாதா திருப்புளி இல்ல, அந்த ராட்செட் வெச்சது… அதேதான். ஸ்க்ரூவுல இருந்து எடுத்து எடுத்து வைக்காம, கையை முன்னும் பின்னும் ஆட்டினாலே போயிட்டே இருக்குமே, அது.

சாதா திருப்புளியா? இருந்தது பாய். நேத்து செயற்குழு கூட்டத்துல உடைஞ்சுபோச்சு… எப்படின்னா… ஒரு உறுப்பினரோட தொடையில… சேச்சே, நல்லா இருக்காரு. தையல் போட்டாச்சு. இன்னைக்கு விழாவுக்கே வர்றாரு, நிக்கத்தான் முடியாது.

என்ன சத்தமா? அது… வெளியில சில அன்பர்கள் கதவைத் தட்டறாங்க… கையாலதான்… கையால ஒரு பெஞ்சைத் தூக்கித் தட்டறாங்க. கருத்து வேறுபாடு பாய். வேணு, கீழ்த் தாழ்ப்பாளையும் போடு. பீரோவை இழுத்து வெய்யி… உங்களைச் சொல்லல பாய், வேணு நம்ம பொருளாளர்.

எதுக்கா? போர்டு மாட்டறதுக்கு. சாயங்காலம் வேலூர்ல இருந்து ரிட்டயர்டு ஜட்ஜ் அய்யா வர்றாரு, அகிம்சையைப் பத்திப் பேச. அவருக்கு இங்க யாரையும் தெரியாது. கார்ல இருந்து இறங்கினதும் வாசல் நிலை மேல இருக்கிற போர்டைத்தான் பார்ப்பாரு. அதுல தலைவர்னு எவன் பேரு இருக்குதோ, அவனுக்குத்தான் சால்வை. மேடையில பக்கத்து நாற்காலி அவனுக்கு. நாளைக்குப் பேப்பர்ல போட்டோ அவனுக்கு. பேரவைன்னு தனியா என்ன இருக்கு பாய், அந்தப் போர்டுதான் பேரவை.

ஒரு நிமிஷம், போன் வாயைப் பொத்திக்கிறேன்… வேணு. பாயோட மருமகன் அய்யூப் சாமானைக் கொண்டாந்தா, கழட்டறதுக்குன்னு வாயைத் தொறக்காதே. மாட்டறதுக்குன்னுதான் சொல்லியிருக்கேன். அமைதிப் பேரவைச் செயலாளரே போர்டைக் கழட்டினான்னு பஜார்ல பரவினா, அப்புறம் நம்ம நெய்யை எவன் வாங்குவான்… ஆங், சொல்லுங்க பாய்.

ஆசாரியா? அது உங்க காதுக்கும் வந்துடுச்சா… வுழுந்தாரு, உண்மைதான். நேத்து சாயங்காலம் நாங்க எல்லாம் தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அந்த நேரம் பார்த்து, நம்ம பேரவையிலயே சக்கரபாணின்னு ஒருத்தன் இருக்கான் பாருங்க, தலைவர் சக்கரபாணின்னு தானே ஒரு போர்டு எழுதியாந்து, ஆசாரியை ஏணியில ஏத்திட்டான். திரும்பி வந்து பார்த்தோம். மனசு கொதிச்சுது. மாடியில நின்னு எதிர்ப்பைத் தெரிவிச்சோம்… கல்லாலதான் தெரிவிச்சோம். ஆசாரி ஏணியோட வந்துட்டாரு. திருப்புளியை வாயில கவ்விக்கிட்டு ஓடினவரு, கீழ்பென்னாத்தூர்ல போய்த்தான் நின்னாராம்… அது வேற போர்டு பாய். நான் சொல்றது வேற போர்டு. மாட்டறதுக்குத்தான்.

விஷயத்துக்கு வாங்க. எத்தனை தினுசு வெச்சிருக்கீங்க?… ஜெர்மன். என்ன விலை?… பாய், நான் கேட்டது திருப்புளி. நீங்க லேத்து மெஷினுக்கு விலை சொல்றீங்க. கம்மியா எதுனா… லூதியானா சரக்கு. அது?… ஆங், இது மனுஷன் வாங்கற விலை. இன்னொண்ணு?… அமுக்கினா தானே சுத்துமா? வேணாம் வேணாம். அது வழுக்கிச்சுன்னா எதிர்ல இருக்கிறவன் கண்ணுல போயிடும். யார் கண்ணா இருந்தாலும் கண்ணு கண்ணுதானே. நாங்க அமைதிக்காரங்க.

எனக்கு வேண்டியது இவ்ளோதான். விலை கம்மியா இருக்கணும், ஒரே கையால வேலை நடக்கணும்… இன்னொரு கையா? அது பேச்சுவார்த்தைக்கு. ஸ்டூல் மேல ஏறினவன் காலை நாலு பேர் புடிச்சு இழுப்பாங்க பாய். இந்தக் கையால திருப்பிக்கிட்டே அந்தக் கையால அவங்ககூடப் பேசிப் புரியவைக்கணும். கைப்பிடி கனமா இருக்குதா?… சும்மா கேட்டேன். கனமா இருந்தா மத்த வேலைக்கும் ஆகும்.

இருங்க. போன்கிட்ட வெச்சுத் திருப்பிக் காட்டுங்க, சத்தத்தைக் கேட்டுடறேன்… ம்… கிர்ர்ங்குது. இது எது, ஜெர்மனா? பூனை மடியில படுத்து உறுமற மாதிரி இருக்குது. இப்ப லூதியானாவைத் திருப்புங்க… தொண்டையில கோழி எலும்பு மாட்டின மாதிரி இல்ல இருக்குது… உள்ள பல்லு பெரிசா? பெரிசா இருந்தா என்ன?… ம்… ம்… சின்னப் பல்லுன்னா கொஞ்சம் அசைச்சாலே புடிச்சுக்கும். பெரிய பல்லுன்னா கையை ஜாஸ்தி வளைக்கணும். முரட்டுத்தனமா திருப்பினா பல்லு உதிர்ந்துடும். சரி, புரியுது. சின்னப் பல்லு என்ன விலை சொன்னீங்க?… பெரிய பல்லே இருக்கட்டும்.

கண்ணாடிதான் பாய். ஜன்னல் கண்ணாடி… கல்லு நேரா வந்து என் போட்டோ மேல பட்டுச்சு. சால்வையோட எடுத்த போட்டோ. பரவாயில்ல, நாங்க இதையெல்லாம் மன்னிச்சுடுவோம்… ஒரு நிமிஷம் லைன்ல இருங்க. ஏய், எவன்டா அது, ஜன்னல் வழியா கையை வுட்டு ஒயரை இழுக்கறவன். கையை எடு. எடுக்க மாட்ட? இந்தா… இந்தா… இந்தா.

ஆங், சொல்லுங்க பாய்… ரிசீவராலதான் தட்டினேன். வெரல் நசுங்கிடுச்சு போல, கத்திக்கிட்டு ஓடறான். ஆனா லைன் கட்டாகல பாருங்க. கவர்மெண்டு சாமான் கவர்மெண்டு சாமான்தான்.

லூதியானாவே அனுப்புங்க. உங்க மருமகன் அய்யூப்பை சைக்கிள்ல ஏத்தி, பின்னாடி சந்து வழியா… குமிழா? என்ன குமிழ்?… திருப்புளி கழுத்துல இருக்குதா. இந்தப் பக்கம் தள்ளினா முடுக்கும், அந்தப் பக்கம் தள்ளினா… பாய், பாய், நிறுத்துங்க. எனக்கே பாடமா? ஐ.டி.ஐ. ஆண்டு விழாவுக்கு தலைமை தாங்கினவன் நான். இயந்திரமும் இதயமும்னு பேசி, பசங்க எழுந்து போகாம இருக்க வெளிக்கதவைப் பூட்ட வேண்டியதாயிடுச்சு… மாட்டறதுக்குத்தான் பாய், எத்தனை தடவை கேப்பீங்க… நீங்களே தள்ளி வெச்சு அனுப்பறீங்களா? வெச்சு அனுப்புங்க. எப்படியாவது அனுப்புங்க. போனை மட்டும் வெக்காதீங்க. வெச்சா அப்புறம் எக்ஸ்சேஞ்ச்காரம்மா லைன் குடுக்க மாட்டாங்க.

அய்யூப் கிளம்பிட்டாரா? நல்லது. அதுவரைக்கும் என் வரவேற்புரையைக் கேட்டுச் சொல்லுங்க. "அன்பர்களே, வன்முறை என்பது கோழைகளின் ஆயுதம். ஓங்கிய கையைவிடக் கூப்பிய கையே வலிமை வாய்ந்தது. எங்கள் பேரவையின் வாசலில் கோபம் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படுகிறது." எப்படி?… "இங்கே எதிரி என்று எவரும்…" வேணு, மொளகாப்பொடி பொட்டலம் எங்க? கதவு கீழ்ப்பலகை பேந்துடுச்சு பாரு. அந்த ஓட்டை வழியா ஊது. வாயால ஊதாதே, பேப்பர்ல வெச்சு… "எதிரி என்று எவரும் இல்லை. புரிந்துகொள்ளாத நண்பர்களே உண்டு." இருமல் சத்தமா? புரிந்துகொள்ளாத நண்பர்கள்தான் பாய்.

அய்யூப் வந்துட்டாரு. பின் ஜன்னலாண்ட நிக்கறாரு… வந்துட்டாரு பாய், பயப்படாதீங்க. ஒரு கல்லு சைக்கிள் மேல பட்டுச்சு, ஒரு கல்லு அவர் மேல. சைக்கிளுக்குத்தான் ஜாஸ்தி. பார்சலைக் குடுங்க அய்யூப்… கையில நல்லா குந்துது பாய். இந்த விலைக்கு இந்தக் கைப்பிடியா.

வேணு, புடி. ஸ்டூலை எடுத்துக்க. மத்தவங்க எல்லாம் சைக்கிள் செயினைத் துண்டுல சுத்திக்குங்க, பார்க்கறவனுக்குத் துண்டுன்னு இருக்கணும். பேரவையின் அறவழி அணி புறப்படட்டும். கதவைத் தொறங்கடா.

ஹலோ… கேக்குதா?… ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுத்தான் பேசறேன். சக்கரபாணி ஆளுங்க போர்டுக்கு அடியில வரிசையா நின்னு காவல் காக்கறானுங்க. நம்மாளுங்க உள்ள பூந்துட்டாங்க… பெஞ்சு இப்ப நம்ம கையில… அய்யோ… சக்கரபாணி மச்சானோட காதை நம்மாளு ஒருத்தன் கடிச்சுட்டான். முழுக்காது இல்ல, கீழ்நுனி… நம்ம பக்கமும் ஒரு மண்டை போச்சு. போகட்டும். வேணு ஏறிட்டான் பாய். ஏறிட்டான். ஒரு கை போர்டுல, ஒரு கை பேச்சுவார்த்தையில. கிர்ர்… ஒருத்தன் மூக்கு. கிர்ர்… ஒருத்தன் தாடை. காலைப் புடிச்சவன் மூஞ்சியில முட்டியால ஒண்ணு வெச்சான் பாருங்க, திருப்பற கை நிக்கவே இல்ல. லூதியானாவை நான் கொறைச்சு மதிப்பிட்டுட்டேன் பாய்.

என்னது இது… பாய், சண்டை நின்னுடுச்சு. தானா நின்னுடுச்சு… சக்கரபாணி அண்ணாந்து போர்டைப் பார்த்தான். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தான். அவன் ஆளுங்க காதுல என்னமோ சொன்னான். எல்லாரும் கையை இறக்கிட்டாங்க… ஆமா பாய், நம்ப முடியல. அந்த மச்சான், காதுல ரத்தம் ஒழுவ வந்து, வேணு நிக்கற ஸ்டூலை ஆடாம புடிச்சுக்கறான். இன்னொருத்தன் சோடா ஒடைச்சுக் குடுக்கறான். "அந்த ஓரத்து ஸ்க்ரூவை வுட்டுட்டீங்க"ன்னு சக்கரபாணியே காட்டறான்.

இதுதான் பாய் அகிம்சை. இத்தனை வருஷமா நான் மேடையில சொன்னதை இன்னைக்குத்தான் கண்ணால பார்க்கறேன்… குமிழா? அப்புறம் சொல்லுங்க பாய், நான் நெகிழ்ந்து போய் நிக்கறேன்.

வேணு, முடிஞ்சுதா?… எல்லா ஸ்க்ரூவுமா? அப்ப எறக்கு… எறக்குய்யா… இன்னா, அசைய மாட்டேங்குதா? தொங்கிப் பாரு… தொங்கறான் பாய், போர்டைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறான். வரல.

எந்தப் போர்டா?… அது வந்து… சரி, உள்ளதைச் சொல்லிடறேன். மாட்டறதுக்கு இல்ல பாய். கழட்டறதுக்கு. சக்கரபாணி போர்டைக் கழட்டறதுக்கு… ஏன் சிரிக்கறீங்க?… குமிழு… முடுக்கற பக்கம்… நீங்க ஏன் தள்ளி வெச்சீங்க?… நான் சொன்னேனா… ஆமா. நான்தான் சொன்னேன்.

இருங்க, சக்கரபாணி ஜன்னலாண்ட வந்து என்னமோ சொல்றான். இன்னாடா?… ம்… ம்… பாய், ஆசாரி நேத்து எல்லா ஸ்க்ரூவையும் நுனியை மட்டும் நட்டுட்டு ஓடிட்டாராம். சும்மா கையை வெச்சிருந்தாலே போர்டு வுழுந்திருக்குமாம். ஏறி முடுக்கலாம்னா மாடியில நம்ம கல்லு. அதான் ஜட்ஜ் தலையில வுழாம இருக்கணுமேன்னு காலையில இருந்து அடியில நின்னுக்கிட்டிருந்தானுங்களாம். இப்ப கோயில் யானை வந்து இழுத்தாலும் வராதாம். கும்புடறான் பாய். பேரவை சார்பா எனக்கு நன்றி சொல்றான்.

வேணு, அந்தக் குமிழை அந்தப் பக்கம் தள்ளு. தள்ளிட்டுத் திருப்பு. பலமா… இன்னா சத்தம் அது… பல்லு போச்சு பாய். உள்ள இருந்த அத்தனை பல்லும் போச்சு. ஸ்க்ரூ தலையும் வழிச்சுக்கிச்சாம். ஜெர்மனா இருந்தா… சொல்லாதீங்க. ஜெர்மன் பேரைச் சொல்லாதீங்க.

லைன்ல இருங்க, ரிசீவரைத் தொங்கவுட்டுட்டு வர்றேன். டேய் சக்கரபாணி. நில்லுடா. நன்றியா சொல்ற, நன்றி…

…

…ஆங்… பாய்… இருக்கீங்களா… மூச்சு வாங்குது… போட்டேன். நானும் போட்டேன், அவனும் போட்டான். என் முன்பல்லு ரெண்டு காணோம்… கார் சத்தம். அம்பாசடர். வேணு, எல்லாரையும் வரிசையா நிக்கச் சொல்லு. ரத்தத்தைத் தொடை… தொடைச்சும் போகலன்னா மேல குங்குமத்தைக் கொட்டு. ஊரு திருவண்ணாமலை, யாரும் கேக்க மாட்டாங்க. செயினைப் பூக்கூடையில போடு.

வாங்கய்யா, வாங்க, வாங்க. செயலாளருங்கய்யா, ராஜமாணிக்கம்… நெத்தியிலங்களா? குங்குமம்ங்கய்யா, கோயிலுக்குப் போயிட்டு நேரா வர்றோம்… எல்லாருமேதாங்கய்யா… இவர் காதுலயும் குங்குமம்தான்… தலைவருங்களா? போர்டுல பார்த்தீங்களா… அவர்தாங்கய்யா. அதோ ஒத்தக்கண்ணு வீங்கி, மாலையோட நிக்கறாரே… ஆமாங்கய்யா, நல்லா கெட்டியா மாட்டியிருக்கு. நம்மாளுங்கதான் மாட்டினாங்க. நீங்க மேடைக்குப் போங்கய்யா, ஒரு அன்பருக்கு அழைப்பு சொல்லிட்டு வந்துடறேன்.

பாய்… மெதுவா பேசறேன், கேளுங்க. கடப்பாரை இருக்குதா?… எந்த ஊரு சரக்கா இருந்தா என்ன, இருக்கறதுலயே கனமானதா எடுங்க… விலையை யாரு கேட்டா பாய்… விழா முடிஞ்ச உடனே வேணும். சந்து வழியா வேணாம், நேரா வாசலுக்கே அனுப்புங்க… இருங்க, இருங்க, வெச்சுடாதீங்க. ஒண்ணே ஒண்ணு.

அதுல குமிழு எதுவும் இல்லையே?… இல்லையா. அப்ப சரி, வெக்கிறேன்.