கரியப்பன் தொண்டையில் இருந்தது

மைசூரில் மார்கழி வந்துவிட்டால் பாதி ஊருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். விஜயநகரில் டாக்டர் வெங்கடராமனின் காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் நான் கம்பவுண்டர். அந்த மாதம் முழுக்க எனக்குக் காப்பி குடிக்கக்கூட நேரம் இருக்காது.

கரியப்பன் எங்களிடம் வந்தது தொண்ணூற்றைந்து மார்கழியில். அவரைப்போல நீங்களும் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர் என்று வெளியில் சொன்னார்கள், ஐயா. அதனால் தமிழிலேயே சொல்கிறேன். கன்னடம்தான் எனக்குச் சரளம். ஆனாலும் அவரைப் பற்றித் தமிழில் பேசுவதுதான் முறை.

அவரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. பகலில் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பார். வேலை இல்லாதபோது பழைய கிதார் ஒன்றை வைத்துக்கொண்டு, தானே கட்டிய பாட்டுகளைப் பாடுவார். சினிமாவுக்குப் போகவில்லை, திருவிழா மேடைக்கும் போகவில்லை. சொந்தச் செலவில் இரண்டு கேசட் பதிவு செய்து, மண்டி மொஹல்லாவில் உதயகுமாரின் கடையில் விற்கக் கொடுத்திருந்தார். பழைய இசைத்தட்டும் புதுக் கேசட்டும் விற்கிற சின்னக் கடை அது. மாதத்தில் பாதி நாள் நான் அங்கேதான் நிற்பேன்.

முதல் கேசட்டில் குரல் சுத்தமாக இருந்தது. பத்தோடு பதினொன்று. இரண்டாவது கேசட் வேறு. பாட்டு மேலே ஏறும்போது நடுவில் குரல் துணி கிழிவதுபோல் பிளக்கும். ஒரு கணம் வெறும் காற்று மட்டும் வரும். பிறகு ஆழத்திலிருந்து மறுபடி எழும். 'ஊரான் சுவருக்கெல்லாம் வெள்ளை அடிச்சேன், என் சுவரு எங்க நிக்குதுன்னு தெரியலையே' என்று ஒரு பாட்டு. அந்த 'எங்க' என்ற இடத்தில் குரல் உடையும். எனக்குத் திருமணம் ஆகவில்லை, பெற்றோரும் இல்லை. வீட்டுக்குப் போனால் அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்பேன். யாரும் என்னிடம் அவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் கிளினிக் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பெயரைக் கேட்டதும் அவர்தான் என்று தெரிந்து, முதல் சீட்டை அவருக்கு எழுதினேன். குரல் சரியாக வராமல், "ஆறு மாசமா தொண்டை கரகரங்குதுங்ணா," என்றார். டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடி விட்டுப் பார்த்தார். பிறகு நர்சிங் ஹோமுக்கு அழைத்துப்போய்ச் சின்னச் சதைத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று என்னைக் கூப்பிட்டார்.

"கந்தசாமி, அந்தப் பெயிண்டர் வீடு தெரியுமோன்னோ? நாளைக்கே வரச் சொல்லு. குரல்வளையில புத்துநோய். கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கணும். குரல் பழையபடி வராதுன்னும் நானே சொல்லிடறேன், நீ ஒண்ணும் சொல்லிப் பயமுறுத்தாதே."

சைக்கிளில் போகும்போது யோசித்தேன். பதற்றம் இல்லாமல்தான் யோசித்தேன். நான் உருகிக் கேட்ட அந்தப் பிளவு, அந்தக் காற்று, எல்லாமே கரியப்பன் தொண்டையில் வளர்ந்த அந்தக் கட்டியிலிருந்து வந்தவை. அதை எரித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பெயிண்டர். மைசூரில் பெயிண்டர்களுக்குக் குறைவா, ஐயா?

வீட்டில் அவரும் மனைவி அஞ்சலையும் இருந்தார்கள். ஐந்து வயதுப் பெண் தாரணி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாருங்?" என்று அஞ்சலை கேட்டாள்.

"பெயிண்ட் தூசியில வந்த வீக்கம்மா. பயப்பட ஒண்ணுமில்ல. உப்புத் தண்ணியில கொப்புளிச்சா போதும்," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நல்ல டீ.

டாக்டரிடம், அவர் பெங்களூரில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார், அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார் என்றேன். "அப்பாடா, நல்லது," என்றார் டாக்டர். நல்ல மனிதர். ஒருவர் சொன்னால் நம்புவார்.

அதற்குப் பிறகு கரியப்பனை நான்தான் கவனித்துக்கொண்டேன். கிளினிக்குக்கு வர வேண்டாம், கூட்டத்தில் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி, இருமல் மருந்தும் வலி மாத்திரையும் வீட்டுக்கே கொண்டுபோனேன். எச்சிலில் ரத்தம் வருகிறது என்றபோது மாத்திரையைக் கூட்டினேன். குடும்பத்தில் ஒருவனாக ஆகிவிட்டேன். தாரணி என்னை மாமா என்று கூப்பிட்டாள்.

மண்டி மொஹல்லா கடையில் அவர் பாட வேண்டும் என்பது என் யோசனை. உதயகுமார் தயங்கினான். "யார் சார் வருவாங்க? இவர் கேசட்டே போக மாட்டேங்குது," என்றான். நான் விடவில்லை. கடைசியில், "ஆயித்து பிடி, சரி விடுங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வச்சுக்கோங்க, அப்ப வியாபாரம் இருக்காது," என்று ஒத்துக்கொண்டான்.

அலமாரிகளைச் சுவரோரம் தள்ளினோம். இருபது பேர் வந்திருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள், கூடவே வேலை செய்கிற பெயிண்டர்கள், தெருவில் போனவர்கள் சிலர். கரியப்பன் இசைத்தட்டு அடுக்குக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைக் காலர் பெரிதாகத் தெரிந்தது. கழுத்து மெலிந்திருந்தது. நான் முதல் வரிசையில் இருந்தேன்.

அன்று அவர் பாடியதை எனக்கு விவரிக்கத் தெரியாது. குரலில் முக்கால்வாசி காற்றுதான். மிச்சம் இருந்த கொஞ்சத்தில் எல்லாம் இருந்தது. 'எங்க' வரும்போது சத்தமே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கடை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஆட்டோ நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாட்டு முடிந்ததும் கரியப்பன் என் பக்கம் கையைக் காட்டி, "கந்தசாமியண்ணன் இல்லீன்னா நான் இன்னைக்கு இங்க இல்லீங்," என்றார். எல்லோரும் எனக்கும் கைதட்டினார்கள்.

பின்னால் நின்ற அஞ்சலை என்னிடம் வந்தாள். "சோறு எறங்க மாட்டேங்குதுங்ணா. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

"டாக்டரே பார்த்தாச்சேம்மா. அங்க போனா அறுத்துப் போட்டுடுவாங்க," என்றேன்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு அடைத்தது. பெரியாஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். காலம் கடந்துவிட்டது என்றார்கள். நான் தினமும் போனேன். பேச்சு போய்விட்டது. என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆவணியில் போய்விட்டார்.

காரியம் முடிந்த பின், முன்பே பார்த்த டாக்டர் ஏன் சொல்லவில்லை என்று கேட்க அஞ்சலை வெங்கடராமனிடம் போயிருக்கிறாள். "நீங்கதான் பெங்களூர் போயிட்டேளே," என்றிருக்கிறார் அவர். அவளுக்கு வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆமாம், ஐயா, தெரிந்துதான் செய்தேன். டாக்டர் அன்று இன்னொன்றும் சொன்னார். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், குரல் மாறினாலும் உயிருக்குப் பயமில்லை, பிள்ளைகுட்டியோடு நெடுநாள் இருப்பார் என்றார். எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. குரலில்லாத நீண்ட வாழ்வா, அந்த ஒரு பிற்பகலா என்று கேட்டிருந்தால் கரியப்பன் பிற்பகலைத்தான் எடுத்திருப்பார். ஒரு கலைஞரை என்னைப்போல் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

அவரையே கேட்டாயா என்கிறீர்கள். கேட்கவில்லை. கடையில் பாடி முடித்த பிறகு, கிதாரை உறையில் போட்டுக்கொண்டே அவராக ஒன்று சொன்னார். அப்போதுகூடக் காலம் இருந்தது. "இந்தப் பாட்டுக் கருமமெல்லாம் போனாப் போகுதுங்ணா. ஊமையானாலும் பரவால்ல. பாப்பா பெரிசாவறதப் பாத்துட்டாப் போதும்," என்றார்.

பாடிக் களைத்தவர் பேச்சு அது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.