பேரை மட்டும் சொல்ல மாட்டேன்

மூணாவது எடம் தம்பி! ரெண்டு தடவை மாத்திட்டாங்க. பெத்த பொண்ணைப் போய்ப் பாக்கணும்னா ஒவ்வொரு தடவையும் வேற பஸ்ஸு, வேற ஸ்டாப்பு. என் முட்டி என்ன இரும்புல செஞ்சதா? இருங்க, இந்தப் பையை நகத்திக்கறேன், நல்லா உக்காருங்க. பஸ்ஸு பூரா எடம் காலியாக் கெடக்கு, நீங்க என்னவோ இந்த வயசானவ பக்கத்துல வந்து உக்காந்தீங்க. நல்ல மனசு.

ஆஸ்பத்திரியா? இல்ல தம்பி, ஆஸ்பத்திரி இல்ல. ஜெயிலும் இல்ல. ஜெயிச்சுட்டா! அதான் அடைச்சு வெச்சிருக்காங்க. தோத்தவங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுல காலை நீட்டிப் படுத்துத் தூங்கறாங்க. ஜெயிச்ச என் பொண்ணை, செல்போனைக் கூடப் பிடுங்கி வெச்சுக்கிட்டு, கேட்டுக்கு ரெண்டு ஆள் காவல் போட்டு... என்னமோ போங்க.

எல்லாம் இந்த நகராட்சித் தேர்தல்தான். ஆளுங்கட்சிக்குப் பத்து வார்டு, எதிர்க்கட்சிக்குப் பத்து வார்டு. நடுவுல எங்க சின்னவ ஒருத்தி, சுயேச்சை. நாளைக்குக் காலைல கவுன்சிலருங்க எல்லாரும் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கணுமாம். இவ எந்தப் பக்கம் கையைத் தூக்கறாளோ அந்தப் பக்கம்தான் தலைவர். வீட்டுல ஒரு டம்ளரை எடுத்த எடத்துல வெக்கத் தெரியாது அவளுக்கு. இப்ப நகராட்சியே அவ கைல இருக்குங்கறாங்க.

அவளுக்கு என்ன அரசியல் தெரியும்? நகராட்சி ஆபீசுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கா, அவ்ளோதான். எங்க தெருவுல ஒரு சாக்கடை தம்பி. மூடி கெடையாது. இருபது வருஷமா வாயைத் தெறந்துக்கிட்டுக் கெடக்கு. மனு மேல மனுவா குடுத்தோம். நகராட்சில எதிர்க்கட்சிக்காரங்க இருந்தப்ப போய்க் கேட்டா, "மேல அவங்க ஆட்சிம்மா, நமக்குப் பணமே அனுப்ப மாட்டேங்கறாங்க"ன்னாங்க. சரி, நியாயம்தானேன்னு வந்துட்டோம். அடுத்த தடவை மேலயும் கீழயும் ஒரே கட்சி. இனிமே என்ன தடைன்னு போனா, "உங்க ஊரு எப்படியும் நமக்குத்தான் ஓட்டுப் போடும், மொதல்ல சந்தேகமான ஊருக்குச் செய்யணும்"னாங்க. எதிரியா இருந்தாலும் வராது, சொந்தக்காரங்களா இருந்தாலும் வராது. அப்புறம் எப்பதான்யா வரும்னு கேட்டேன். டீ சாப்பிடறீங்களாம்மான்னாங்க.

எதிர்வீட்டு டீச்சர் ஒரு மழை நாள்ல அந்தச் சாக்கடைல விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டாங்க. நல்லா விறுவிறுன்னு நடந்து பள்ளிக்கூடம் போனவங்க, இப்ப சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்ரூம் போறாங்க. அன்னிக்கு ராத்திரி சின்னவ சாப்பிடல. "நானே நிக்கறேம்மா"ன்னா. நான் என்ன, பஸ்ஸுக்கு நிக்கறாளோன்னு நெனச்சேன்.

சுயேச்சைன்னா சின்னம் தேர்தல் ஆபீசுல அவங்களாப் பாத்துக் குடுக்கறதுதான். சீப்பு குடுத்தாங்க. வீடு வீடா வர்றதுக்கு என் தம்பியைத் தவிர வேற ஆளு இல்ல. அவனுக்குத் தலைல ஒரு முடி கெடையாது! மொட்டைத் தலையோட, கைல பெரிய அட்டைச் சீப்பைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "சீப்புக்கு ஓட்டுப் போடுங்க"ன்னு ஒவ்வொரு வாசலா நிக்கறான். ஜனங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே... அந்தச் சிரிப்புலயே பாதி ஓட்டு விழுந்துடுச்சுன்னு நெனக்கறேன். நான் கடவுள்கிட்ட கேட்டது டெபாசிட் மட்டும்தான் தம்பி. பொண்ணு தோத்தாலும் மரியாதையாத் தோக்கட்டும்னுதான் வேண்டிக்கிட்டேன். அவர் தாராளமாக் குடுத்துட்டார்.

ஆமா... ஓட்டு எண்ணின அன்னிக்கு சாயந்திரமே மந்திரி வந்துட்டார் எங்க வீட்டுக்கு! எங்க வீட்டு பிளாஸ்டிக் நாற்காலில, ஒரு காலு ஆட்டம் குடுக்கும் பாருங்க, அதுலயேதான் உக்காந்தாரு. ஆடிக்கிட்டே பேசினாரு. கூடவே அவங்க கட்சியோட நகரச் செயலாளர். அவருக்கு எங்க தெருவுல "சரிங்கண்ணா"ன்னு பேரு. போனை எடுத்தா அந்த ஒரு வார்த்தைதான் வரும், சரிங்கண்ணா சரிங்கண்ணா... இருபது வருஷமா மனு வாங்கி வாங்கி வெச்சவரும் அவர்தான். அன்னிக்கு என்னைப் பாத்து "அம்மா, நல்லா இருக்கீங்களாம்மா"ங்கறாரு.

எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. எங்க தெருவுக்கு இவ்ளோ மவுசா? அப்புறம் பெரியவன்தான் போன்ல வெளக்கிச் சொன்னான், அவன் வெளியூர்ல வேலை. இந்தச் சுத்துவட்டாரத்துல மொத்தம் ஏழு நகராட்சியாம். மூணு ஆளுங்கட்சிக்கு, மூணு எதிர்க்கட்சிக்கு. மிச்சம் இருக்கறது எங்களுது ஒண்ணுதான். மேல இவங்க ஆட்சியைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு சின்னக் கூட்டணிக் கட்சி இருக்கு இல்ல, அவங்க சொல்லிட்டாங்களாம். "உங்க செல்வாக்கு எறங்குதா ஏறுதான்னு இந்த ஏழுல தெரிஞ்சுடும், அதுக்கப்புறம் உங்களோட இருக்கறதா வேண்டாமான்னு யோசிக்கறோம்"னு. அவங்க வெலகினா ஆட்சி கவுந்துடுமாம். அப்போ கணக்குப் பண்ணிப் பாருங்க... மேல இருக்கற அத்தனை பெரிய ஆட்சி, எங்க தெருச் சாக்கடை மேல வந்து நிக்குது. மூடி இல்லாத சாக்கடை! கால் வெச்சா விழுந்துடுவாங்கன்னு பயம் இருக்குமா இருக்காதா?

சின்னவ சிரிக்காமச் சொன்னா, "சாக்கடையை மூடுங்க, கையைத் தூக்கறேன்." "ஓட்டு முடிஞ்சதும் மூடிடுவோம்மா"ன்னார் மந்திரி. "அப்ப கையும் அப்புறமாத் தூக்கறேன்"னா. இவ்ளோ வாய் எங்கேர்ந்து வந்துச்சோ அவளுக்கு! நான் ரொம்பப் பேசாத ஆளு.

மறுநாளே கார் வந்துச்சு. "எதிர்க்கட்சிக்காரங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க, உங்க பாதுகாப்புக்காக"ன்னு சொல்லி இவங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஆளுங்கட்சிக் கவுன்சிலருங்க பத்துப் பேரோட இவளையும் சேத்து. போறப்பவே இவ ஒரு நிபந்தனை போட்டா. தெருவுல வேலை நடக்குதா இல்லியான்னு எங்கம்மா நேர்ல வந்து சொல்லணும். போட்டோ கீட்டோ எல்லாம் காட்டினா நம்ப மாட்டேன்னுட்டா. அதனாலதான் எனக்கு மட்டும் எடத்தைச் சொல்றாங்க. வேற ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது. சரிங்கண்ணா என்னை சத்தியம் பண்ணச் சொன்னார். நான் கடவுள் பேர்ல சத்தியம் எல்லாம் பண்றதில்ல தம்பி. சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன், அவ்ளோதான்னுட்டேன்.

ஆனா பாருங்க, அப்படியும் எவனோ காட்டிக் குடுத்துடறான்!

மொதல்ல ஒரு கோழிப் பண்ணைக்காரர் பங்களால வெச்சாங்க. நான் போயிட்டு வந்த அன்னிக்கே எதிர்க்கட்சிக்காரங்க மைக் கட்டிக்கிட்டு வந்து நின்னுட்டாங்க. "சகோதரி வெளில வாங்க, ஜனநாயகம் வாசல்ல காத்துக்கிட்டு இருக்கு"ன்னு. ஜனநாயகம் வாசல்ல நிக்குது, இவ உள்ள நைட்டியோட நிக்கறா. கோழி எல்லாம் மெரண்டு போய் நாலு நாளைக்கு முட்டை இடலையாம். அங்கேர்ந்து ஒரு மரக்கடை மாடிக்கு மாத்தினாங்க. அங்கயும் வந்துட்டாங்க! யாரு சொல்றாங்கன்னே தெரியல. சமையல்காரம்மாவைக் கூப்பிட்டுத் திட்டினாங்க. டிரைவரை வேலையை விட்டே நிறுத்திட்டாங்க, பாவம், புள்ள குட்டிக்காரர். நான் கூட வேண்டிக்கிட்டேன், கடவுளே, அந்தத் துரோகி யாருன்னு சீக்கிரம் காட்டிக் குடுத்துடுன்னு.

அதுல ஒரு அதிசயம் என்னன்னா தம்பி, எடம் வெளில தெரிஞ்சுபோற ஒவ்வொரு தடவையும் எங்க தெருவுல வேலை நகருது! இவ மனசு மாறிடுமோன்னு இவங்களுக்குப் பயம் போல. கோழிப் பண்ணை தெரிஞ்ச மறுநாள் காலைல பொக்லைன் வந்து, இருபது வருஷத்துச் சேத்தை அள்ளிப் போட்டுச்சு. எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலைப் பிடிச்சு நின்னு அழுதாங்க. மரக்கடை தெரிஞ்ச மறுநாள் சிலாப் வந்து எறங்கிச்சு. கடகடன்னு மூடிக்கிட்டே வந்தாங்க. மூடிக்கிட்டே வந்தவங்க, டீச்சர் வீட்டுக்கு முன்னாடி ஆறு வீடு இருக்கறப்ப டக்குனு நிறுத்திட்டாங்க. கேட்டா, மீதி நாளைக்கு ஓட்டுக்கு அப்புறமாம்.

ஓட்டுக்கு அப்புறம் வருமா தம்பி? நீங்களே சொல்லுங்க. ஓட்டுக்கு அப்புறம் வந்தது எது இந்த நாட்டுல? அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது. இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்கு. பாதித் தெருவை மூடிட்டு, விழுந்தவங்க வாசலைத் தெறந்து போட்டிருக்காங்க. நான் போய் "எல்லாம் மூடிட்டாங்க"ன்னு சின்னவகிட்ட பொய் சொல்லணுமாம், சரிங்கண்ணா நைசாக் கேக்கறாரு. நான் எப்படிச் சொல்லுவேன்? விடியறப்ப எந்திரிச்சுக் கும்பிடறவ நான். வாய் கூசாது?

இப்ப எங்கயா? அய்யோ, அதை மட்டும் கேக்காதீங்க. பேரை மட்டும் சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்தா குடுத்ததுதான். ஆனா எடம் வசதியா இருக்கு தம்பி, மாத்தின அன்னிக்கே என்னைக் கார்ல கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க, காத்து நல்லா வருது, ஏரிக்கரை இல்ல? பழைய ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னாடி இருக்கறதால சத்தமும் இல்ல. என்ன, அந்தப் பச்சைக் கேட்டுதான் தெறக்கறப்ப கிறீச்சுங்கும், பல்லு கூசும். முன்னாடிதான் காவல் எல்லாம். பின்னாடி துணி காயப்போடற பக்கம் ஒரு சின்னக் கதவு, சும்மா கொக்கிதான் போட்டிருக்கு. நான் அது வழியாத்தான் போனேன், படி கம்மி. பேரை மட்டும் கேக்காதீங்க.

என்ன, மெசேஜா? அடிங்க அடிங்க. அம்மாவுக்கா? நல்ல புள்ள. எங்க பெரியவன் வாரத்துக்கு ஒரு தடவை அடிச்சாலே பெருசு. இந்தக் காலத்துல இவ்ளோ பொறுமையா யாரு தம்பி காது குடுத்துக் கேக்கறாங்க? எனக்கு என்னவோ எந்தப் பஸ்ஸுல ஏறினாலும் நல்ல நல்ல மனுஷங்களா அமையறாங்க. மொதல் தடவை கைக்குழந்தையோட ஒரு பொண்ணு, ஒவ்வொண்ணா நிறுத்தி நிறுத்திக் கேட்டுச்சு. ரெண்டாந்தடவை ஒரு கண்ணாடிக்காரர். பாவம், கேட்டுக்கிட்டே வந்தவரு ஏதோ அவசரம்னு பாதில...

என்ன தம்பி எந்திரிச்சுட்டீங்க? கடைசி ஸ்டாப்புன்னு சொன்னீங்களே? ஓ... வேலை ஞாபகம் வந்துடுச்சா? பாத்து தம்பி, பஸ்ஸு நிக்கட்டும்! பாத்து!

குதிச்சே எறங்கிட்டாரே. போனைக் காதுல வெச்சுக்கிட்டே ஓடறதைப் பாரு. கண்ணாடிக்காரரும் இப்படித்தான் ஓடினாரு. அந்தக் கைக்குழந்தைக்காரி கூட, பால் பாட்டிலை சீட்டுல விட்டுட்டு...

...

கைக்குழந்தைக்காரிகிட்ட கோழிப் பண்ணை.

கண்ணாடிக்காரர்கிட்ட மரக்கடை.

அடக் கடவுளே! அய்யய்யோ... நான் பேரைச் சொல்லலியே! ஒரு எடத்தோட பேரைக் கூட நான் சொல்லலியே! டிரைவரை நிறுத்திட்டாங்களே... அந்த மனுஷனுக்கு வேலை போச்சே... காட்டிக் குடுத்துடு காட்டிக் குடுத்துடுன்னு உன்னைக் கேட்டேனே, இப்படியா காட்டிக் குடுப்ப?

...

ஒண்ணும் இல்லம்மா. சும்மா, எனக்குள்ள பேசிக்கிட்டேன். சாமி கும்பிட்டேன்னு வெச்சுக்கோயேன். கண்ணுல தூசி. நீ எப்ப ஏறின? இந்த ஸ்டாப்புலயா? ஏன் நிக்கற, பஸ்ஸு பூரா எடம் காலியாத்தானே கெடக்கு.

இங்கயே உக்கார்றியா?

...ம். நல்ல மனசு.

நீ எந்தப் பக்கத்து ஆளும்மா? எதிர்க்கட்சிப் பக்கமா, இல்ல அந்தக் கூட்டணிக்காரங்களா? சிரிக்காத, சும்மாக் கேட்டேன். தெரியாட்டியும் பரவால்ல. தப்பு என் பேர்லதான்னு நாளைக்கே போய் சரிங்கண்ணாகிட்ட சொல்லி, அந்த டிரைவரை வேலைல சேக்கச் சொல்லணும். ஓட்டு முடியட்டும், கட்டாயம் போறேன். கடவுள்கிட்ட இப்பவே ஒத்துக்கிட்டேன். அவர் ஒண்ணும் திட்டல... ஏதோ யோசிக்கற மாதிரி இருந்துச்சு.

பொக்லைன் அந்தக் கைக்குழந்தைக்காரியால வந்துச்சு. சிலாப் கண்ணாடிக்காரரால வந்துச்சு. இருபது வருஷம் மனுவா எழுதி எழுதி... எழுதின மனுல ஒண்ணாவது இவங்களை மாதிரி ஓடிச்சா?

இந்தப் பையா? பொண்ணுக்கு மாத்திரை. எங்க இருக்காளா? அது வந்தும்மா... பேரை மட்டும் சொல்ல மாட்டேன், வாக்குக் குடுத்திருக்கேன். மத்ததெல்லாம் சொல்றேன். இப்பதான் ஒரு தம்பி கேட்டுக்கிட்டு ஓடினாரு, நீயும் ஓடு, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் போய் நில்லுங்க. ஆனா ஓடறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேட்டுக்கிட்டுப் போ. யாரு யாருகிட்ட போன்ல பேசணுமோ, அவங்ககிட்ட மொதல்ல இதைச் சொல்லு.

எங்க தெருவுல இன்னும் ஆறு வீடு பாக்கி. அதைத் தாண்டி டீச்சர் வாசல்.