மூன்றாவது கம்பி

இந்தப் போலீஸ் ஸ்டேஷன் வராந்தா விளக்கின் சுவிட்ச் கோணலாக இருக்கிறது. அபாயம் ஒன்றுமில்லை, பார்க்கத்தான் அசிங்கம். பத்து வருஷமாக இதையே பார்த்துப் பழகிய கண், என்ன செய்வது.

என் பெயர் அமிர்தராஜ். மின்சார ஆபீஸில் ஒயரிங் இன்ஸ்பெக்டர். புது வீட்டுக்குக் கரண்டு கொடுக்குமுன் கம்பிகள் விதிப்படி ஓடுகின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

ஏலக்காய் வியாபாரி கர்ணன் போன வருஷம், 1945 ஆவணியில், தேனியில் பங்களா கட்டிக் குடி போனார். கிணற்றடியில் மோட்டார் வைத்தார். மோட்டாருக்கு இரண்டு கம்பி போதாது. அதன் இரும்பு உடம்பிலிருந்து மூன்றாவதாக ஒரு கம்பி இறக்க வேண்டும். குழி தோண்டி, உப்பும் அடுப்புக்கரியும் கொட்டி, நடுவே புதைத்த குழாயில் அதைச் சேர்க்க வேண்டும். எங்காவது கசிந்தாலும் கரண்டு ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குப் போய்விடும்.

கர்ணனுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. கிரகப்பிரவேசப் பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கேட்டீகளா, ஈசானி மூலையில உப்பும் கரியும் புதைக்கணுமாம்ல. இன்ஸ்பெக்டரய்யா கரண்டு குடுக்க வந்தாகளா, செய்வினை வைக்க வந்தாகளா?"

பந்தியே சிரித்தது. எங்கள் இஞ்சினியருக்குப் பாயசம் புரையேறிவிட்டது. மூன்றாவது கம்பி இல்லாமல் கரண்டு கூடாது என்ற என் அறிக்கையை மறுநாள் ஒதுக்கிவிட்டு அவரே கையெழுத்துப் போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவந்தேன். ஐப்பசி மழையில், அந்த வீட்டில் தண்ணீர் எடுக்கும் பஞ்சம்மாள் என்னிடம் வந்தாள்.

"அய்யா, பைப்பைத் தொட்டா சுளீர்னு எறும்பு கடிச்சாப்புல இருக்கு."

"எத்தனை மணிக்கு?"

"மணி எனக்கென்னத்தத் தெரியும். மில்லுச் சங்கு ஊதுனப்பறம்."

நோட்டில் குறித்துக்கொண்டேன். ஈரக்கையோடு தொடாதே என்று எச்சரித்தேன். தண்ணீர் எடுக்கிறவளுக்கு அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

மழை விட்டது, கசிவும் நின்றது. அதன்பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. சந்தையில் பார்க்கும்போதெல்லாம் கர்ணன், "என்ன இன்ஸ்பெக்டரய்யா, நாங்க இன்னும் உசுரோடதான் இருக்கோம்" என்பார். சரியாக எழுதிய ஓர் அறிக்கை நாளுக்கு நாள் பொய்யாகிக்கொண்டிருந்தது. என் இடத்திலிருந்து பாருங்கள்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனேன். மெயினை நிறுத்தினேன். மோட்டாருக்குள் கம்பி நுழையும் இடத்தில், பேனாக்கத்தியால் அரை அங்குல ரப்பரைச் சீவினேன். உள்ளே செம்பு எப்படி இருக்கிறதென்று பார்க்கத்தான். நன்றாகவே இருந்தது. பையில் டேப் இருந்தது. சுற்ற மறந்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் மறக்கவில்லை. சீவிய இடத்தை இரும்போடு ஒட்டி அழுத்தி, மூடியை முடுக்கி, மெயினைப் போட்டேன்.

காலையில் மோட்டார் போடுவது கர்ணன். ஓடத் தொடங்கியதும் உழவு மாட்டைத் தட்டுவதுபோல அதன் முதுகைத் தட்டிக்கொடுப்பார். அன்று அவர் போடிக்குப் போயிருந்தார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

பஞ்சம்மாள் குடத்தோடு வந்தாள். "அய்யா, மோர் தாரேன், குடிச்சிட்டுப் போங்க" என்றாள். வேண்டாம் என்றேன். அவளே சுவிட்சைப் போட்டாள், பைப்பைப் பிடித்தாள். கத்தவில்லை. குடம் உருண்டதுதான் சத்தம்.

ஓடிப்போய் மெயினை நிறுத்தியவன் நான்தான். விதிப்படி முதலில் செய்ய வேண்டியது அது. தாமதமில்லாமல் செய்தேன்.

மூன்று வாரத்தில் இந்த ஊரில் முப்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் மூன்றாவது கம்பி இழுத்துவிட்டார்கள். கர்ணன் தானே மண்வெட்டி பிடித்தார். இத்தனை வருஷம் வாய் வலிக்கச் சொல்லி நடக்காத காரியம். இதனால் பிழைக்கப்போகிறவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நீங்கள் கம்பியின் ரப்பரை எலி கடித்ததென்று எழுதி வழக்கை முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எலி கடித்தால் ஓரம் பிசிறாக இருக்கும். இது நேர்வெட்டு. தவறான அறிக்கை ஒரு ஃபைலில் கிடப்பதை என்னால் சகிக்க முடியாது. அதனால்தான் நானே வந்தேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரி. ஓரிடத்தில் மட்டும் 'கொலை' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டுப் 'பரிசோதனை' என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.