அரை நிமிட வேலை

வேலையை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை. தேநீர் குடித்த கோப்பையைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் நாற்காலியை உள்ளே தள்ளுவேன். அலுவலகத்தில் இதை வைத்து என்னை ஓட்டாதவர்கள் கிடையாது. அதனால்தான் ஐயா, இந்த விசாரணையில் "கவனக்குறைவுன்னு எழுதிக்கலாமா?" என்று நீங்கள் பரிவோடு கேட்டதும், நடந்ததை முழுவதும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் விமான நிறுவனமும் கூட்டாளி நிறுவனமும் ஒருவர் விமானத்துக்கு மற்றவர் டிக்கெட் விற்கலாம். விமானம் ஒன்றுதான், எண் மட்டும் இரண்டு. டிக்கெட் எங்கள் கணினியில் இருக்கும், இருக்கை அவர்கள் கணினியில் இருக்கும். அவர்கள் விமானத்தை மாற்றினால் எனக்கு ஒரு செய்தி வரும். அதை ஏற்று, டிக்கெட்டையும் புது விமானத்துக்கு மாற்றிவிட வேண்டும். அரை நிமிட வேலை. செய்யாவிட்டால் பயணியின் இருக்கை புது விமானத்திலும் டிக்கெட் பழைய விமானத்திலும் நிற்கும். கவுன்ட்டரில் ஏற்ற மாட்டார்கள். அவர்கள் எங்களைக் கேட்கச் சொல்வார்கள், நாங்கள் அவர்களைக் கேட்கச் சொல்வோம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு யார் வெள்ளையடிப்பது என்கிற கதைதான்.

என் தங்கை அம்மாவைப் பார்க்க வருவதற்கு நானே போட்டுக்கொடுத்த டிக்கெட்டும் அந்த வகைதான். முதல் விமானம் எங்களுடையது, இரண்டாவது அவர்களுடையது.

அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து என்னோடுதான் இருந்தாள். புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நான். சொல்லிக்காட்டவில்லை என்று சொல்ல வந்தேன், ஆனால் சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன். கண்ணைத் திறந்ததும் அம்மா கேட்பது, "குட்டி எப்ப வர்றா?" தங்கைதான் குட்டி. எனக்குச் செல்லப்பெயர் எதுவும் கிடையாது, நான் பெரியவள், அவ்வளவுதான். போனில் குட்டியின் முகம் தெரியப்போகிறது என்றால் தலையை வாரிவிடச் சொல்வாள் அம்மா. நாள் முழுக்க எதிரிலேயே இருந்த எனக்காக ஒருமுறையும் அப்படிச் சொன்னதில்லை. குட்டி வீட்டுக்கு வந்தால் கட்டிலில் அம்மாவை ஒட்டி உட்காருவாள், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை.

குட்டி முதல் விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. கூட்டாளி நிறுவனம் இரண்டாவது விமானத்தை ரத்து செய்துவிட்டு, பயணிகளை அன்றைய கடைசி விமானத்துக்கு மாற்றியிருந்தது. அம்மாவுக்காக நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்தேன். மடிக்கணினி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்திருந்தது. அந்த விமானத்தின் மற்ற பயணிகள் எல்லோருக்கும் டிக்கெட்டை மாற்றி முடித்தேன். முன்பின் தெரியாத அத்தனை பேரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பெயர் மட்டும் திரையில் நின்றது. அலுவலகத்திலிருந்து என் பக்கத்து மேசைத் தோழி போன் செய்தாள்.

"உன் தங்கச்சி பேரு இன்னும் நிக்குதே, நான் மாத்திவிடட்டுமா?"

"வேண்டாம்ப்பா, நானே பாத்துக்கறேன்."

"அதுவும் சரிதான். நீயாவது, மறக்கறதாவது" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

பிறகு இடைவழி விமான நிலையத்திலிருந்து குட்டி கூப்பிட்டாள்.

"அக்கா, ஏத்த மாட்டேங்கறாங்க. டிக்கெட் வித்தவங்களையே கேளுங்கன்னு சொல்றாங்க. நீ ஏதாவது பண்ணுக்கா."

"பேசிட்டுதான் இருக்கேன். நீ அங்கயே இரு, எங்கயும் போயிடாத."

நான் யாரிடமும் பேசவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பஞ்சை நனைத்து அம்மாவின் உதட்டைத் துடைத்தேன். ஒரு நாள் தாமதம்தானே, நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். எனக்கு அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது. வேறு யாரும் வரவில்லையென்றால் அம்மா என்னைப் பார்ப்பாள் என்று நம்பினேன்.

"குட்டி எங்க?" என்றாள் அம்மா.

"வழியில இருக்காம்மா."

என் தோளுக்கு மேலாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை நகர்த்தி வாசலை மறைத்து உட்கார்ந்தேன். அவள் சிரமப்பட்டுத் தலையைச் சாய்த்து, என் கையிடுக்கு வழியாக மறுபடியும் வாசலைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தபடியேதான் போனாள்.

மறுநாள் குட்டி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீயாவது பக்கத்துல இருந்தியேக்கா" என்றாள். அவளை இப்படி அலைக்கழித்தவர்கள்மீது புகார் கொடுக்க வேண்டும் என்றாள். நானே எழுதிக் கொடுத்தேன். அந்தப் புகார் சுற்றிவந்து என் மேசையில்தான் விழுந்தது. தவறு கூட்டாளி நிறுவனத்தின் கவுன்ட்டர் பெண்ணுடையது என்று பதிலும் நானே எழுதினேன். இரண்டையும் பிழையில்லாமல் எழுதினேன். அந்தப் பெண்ணை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவள் செய்ததெல்லாம் திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னதுதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது ஐயா. குட்டி இப்போதும் தினமும் போன் செய்து, நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள். அப்போது இதைவிட வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் தாமதம்தானே என்று நினைத்ததாகச் சொன்னேன். குட்டியிடம் சொல்ல நேர்ந்தால் சொல்வதற்காக வைத்திருந்த வார்த்தை அது, இங்கும் வாயில் வந்துவிட்டது. அன்று காலையில் மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, என்னை வாசல்வரை கூட்டிப்போய்ச் சொன்னார்: "இன்னிக்கு ராத்திரியத் தாண்டுறது கஷ்டம்மா. வர வேண்டியவங்க சீக்கிரம் வந்துட்டா நல்லது." நான் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். அதற்குப் பிறகுதான் அந்தச் செய்தி திரையில் வந்தது.

கவனக்குறைவு என்று எழுத வேண்டாம் ஐயா. அன்றைக்கு முழுவதும் நான் கவனமாகத்தான் இருந்தேன்.