காற்றுப் படாத அறை

குடியுங்கள் ஐயா, ஆறினால் மண்ணாகிவிடும். என் காபி வாசனைக்குச் செத்தவன்கூட எழுந்து உட்காருவான் என்று வார்டில் ஒரு பேச்சு உண்டு. பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. அடியில் வண்டல் நிற்கும். கோப்பையைக் கவிழ்க்க வேண்டாம். குறி பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நெவெனாவைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள்? தியானா கடைசியில் வாயைத் திறந்துவிட்டாள் போலிருக்கிறது. திறக்கட்டும். நானும் மறைக்கப் போவதில்லை.

நான் நர்ஸாக இருந்தது மனம் கலங்கிய பிள்ளைகளின் வார்டில். அடங்காத பிள்ளையைக் கட்டிப் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தன்யூப் நதிப் படகுக்காரர்கள் என்னிடம் வந்து முடிச்சுக் கற்றுக்கொண்டு போகலாம். ஒரு போர்வை, நாலு துணிப்பட்டை கொடுங்கள், புயலையே படுக்கவைப்பேன்.

நெவெனா பேசாத பிள்ளை. எட்டு வயது, ஒரு வாத்தின் எடைகூட இராது. பயம் வந்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். அவள் அம்மா ஸ்லாவ்கா ஞாயிறுதோறும் ராஸ்பெரிப் பழம் கொண்டுவந்து ஊட்டுவாள். போகும்போது தவறாமல் ஒன்றைச் சொல்வாள்: குறுக்குக் காற்றுப் பட்டால் பிள்ளைக்குக் காது வீங்கிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். சரி என்று வாக்குக் கொடுப்பேன். இதை எனக்குச் சொல்லவே வேண்டாம். ஜன்னலையும் கதவையும் ஒன்றாகத் திறந்துவைக்கிறவளை எங்கள் ஊரில் தாய் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அந்த ஜூலை ஞாயிறு அப்படி ஒரு வெயில், கோழிகள் அவித்த முட்டையே இட்டன என்றால் பாருங்கள். மத்தியானம் நெவெனா மோத ஆரம்பித்தாள். தனியறையில் படுக்கவைத்துக் கையையும் காலையும் கட்டினேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துச் செருகினேன். ஜன்னலை மூடினேன். கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தியானா வேலைக்குப் புதுசு. "அக்கா, கட்டிப் போட்டா பக்கத்துலயே ஒருத்தர் இருக்கணும். அடங்கினதும் அவுத்துடணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள்.

"பக்கத்துல உக்காராம இருக்கத்தானடி கட்டுறதே" என்றேன். அங்கிருந்த நர்ஸுகள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

காபி போட்டேன். குடித்த கோப்பையைக் கவிழ்த்துவைத்து, வண்டல் காய்ந்ததும் அதில் ஓடும் கோடுகளைப் பார்த்துக் குறி சொல்வது என் வழக்கம். அன்று தியானாவின் முறை. பூட்டிய அறையில் அழுகை கேட்டது. அப்புறம் முனகல். அப்புறம் ஒன்றுமில்லை.

தியானா எழுந்தாள். "சாவியக் குடுங்கக்கா. சத்தமே இல்ல."

"அதான் தூங்கிட்டாளே. உன் கோப்பை இன்னும் காயல, உக்காரு."

உட்கார்ந்தாள். வண்டலை அவசரப்படுத்தினால் குறி பலிக்காது. அவளுக்குக் கடலோரம் ஒரு வீடு சொன்னேன், நல்ல புருஷன் சொன்னேன், வீடு நிறையப் பிள்ளைகள் சொன்னேன். அவ்வளவு அழகாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

கதவைத் திறந்தபோது அறை ரொட்டி அடுப்பு மாதிரி இருந்தது. போர்வை கையைச் சுட்டது. ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை. என் விரல்களில் காபி வாசனை இருந்தது. அதை அவள் மூக்கருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

டாக்டர் வருமுன் கட்டை அவிழ்த்து, மறுபடி ஒழுங்காகப் போர்த்திவிட்டேன். திடீர்க் காய்ச்சல் என்றேன். தியானா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் ஸ்லாவ்கா பழக் கிண்ணத்தோடு வந்தாள். வெகுநேரம் அழுதாள். பிறகு அந்தப் போர்வையைப் பார்த்து என் கையை எடுத்து முத்தமிட்டாள். "குளிர விடாம பாத்துக்கிட்டீங்களே சிஸ்டர்" என்றாள். கிண்ணத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன். வீணாக்க மனம் வரவில்லை.

கட்டியது நான். பூட்டியது நான். சாவியைக் கொடுக்காதது நான். அந்தப் பிள்ளையைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஜன்னலைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவள் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. ஒரு பொட்டுக் காற்றுகூட அவள்மேல் பட விடவில்லை.