ஐந்து பேர் வசித்த அலுமினியப் பெட்டி

மாதர் சங்கத்தின் மாண்புமிகு தலைவி திருமதி சிவாஜினி அவர்களே! என் வலப்பக்கம் வீற்றிருக்கும் மௌலவி அவர்களே! இடப்பக்கம் வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் குருக்கள் ஐயா அவர்களே! இன்று தாய்மாருக்கு வழங்கவென நாற்பது அலுமினியப் பெட்டிகளைத் தன் கையால் செய்து தோப்பூரில் இருந்து ஏற்றிவந்து, மேடையேற வெட்கப்பட்டு லொறியருகில் நிற்கும் தம்பி லாபிர் அவர்களே! மூதூர் மண்ணின் முகமாகவும் முதுகெலும்பாகவும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மாரே! உங்கள் அனைவரையும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞன் சோமசேகரம் சிரம் தாழ்த்தி வணங்குகிறேன்.

அலுமினியம்! அன்பர்களே, அலுமினியம்! இரும்பு இறுமாந்து நிற்கும். உப்புக்காற்று இரண்டு மாரி ஊதினால் உதிர்ந்துவிடும். மரம் மார்தட்டி நிற்கும். கறையான் மணம் பிடித்தால் மாவாகிவிடும். அலுமினியமோ, காற்றுப் பட்ட கணமே தன் மேனிமீது தானே ஒரு மெல்லிய போர்வையைப் போர்த்துக்கொள்ளும். அந்தப் போர்வைதான் அதன் கவசம்.

சிரிக்கிறீர்கள். ஓம், அம்மா, நீங்களுந்தான். நானும் ஒருநாள் சிரித்தேன். எங்கே சிரித்தேன் தெரியுமா? கொட்டியாரக் குடாவின் நட்டநடுவே!

அதோ, மூன்றாவது கதிரையில் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறாரே, ஸுல்பிகா, அவருடைய கதை இது. சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன்.

ஸுல்பிகாவின் வாப்பா அவருக்குத் தந்தது இருபது பேர்ச் காணி, அதில் ஒரு சின்ன வீடு. காணியின் உறுதிப் பத்திரம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. பெட்டி துருப்பிடித்தது. துரு தாளில் ஏறி, வாப்பாவின் பெயரில் பாதியைத் தின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து, வேறொருவர் அந்தக் காணி தன்னுடையது என்று மனுப் போட்டார். திருகோணமலையில் விசாரணை. பகல் இரண்டு மணிக்கு மூல உறுதியோடு வராவிட்டால் காணி கைமாறிவிடும் என்று கடிதம் வந்தது.

ஸுல்பிகா தோப்பூருக்கு ஓடினார். ஜன்னல் பொருத்திக்கொண்டிருந்த லாபிரிடம் கேட்டார்: "தம்பி, உப்புக்காத்து திங்காத ஒரு பெட்டி செய்ய ஏலுமா?"

"ஏலும் ராத்தா. ஆனா நான் இதுவரைக்கும் ஜன்னல்தான் செஞ்சிருக்கன்."

"ஜன்னலுக்குள்ள மழை வருமா?"

"என்ட ஜன்னலுக்குள்ள சத்தமே வராது!"

அப்படியே செய்தார். ஜன்னல் தகடு, ஜன்னல் ரப்பர், ஜன்னல் கொளுக்கி. காற்றுப் புகாத, கடல் புகாத, கண்ணீர் கூடப் புகாத பெட்டி! ஸுல்பிகா தன் பத்திரங்களையெல்லாம் அதில் அடுக்கி, உச்சிவெயிலில் வைத்து இறுக்கி மூடினார்.

விசாரணை நாள் விடிந்தது. பஸ்கள் ஓடவில்லை, வேலைநிறுத்தம். குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் போக, நிப்றாஸ் என்பவர் தன் மீன்பிடிப் படகில் எங்கள் ஏழு பேரை ஏற்றினார். முதல் நாள் இங்கே பேசவந்து திரும்ப வழியில்லாமல் நின்ற நானும் அதில் ஒருவன். பெட்டியைப் பார்த்தேன். வாய் சும்மா இருக்குமா?

"தங்கச்சி, அலுமினியம் சோறாக்கத்தானே சரி. அதுக்குள்ள உறுதியை வைக்கலாமோ?" என்று சிரித்தேன்.

சிரித்து முடிக்கவில்லை, ஓர் அலை அடித்தது. பெட்டி சறுக்கியது. அதைப் பிடிக்கப் பாய்ந்த ஸுல்பிகா, பெட்டியோடு கடலில் விழுந்தார்! அந்தக் கணமே படகின் எஞ்சினும் நின்றுவிட்டது.

பெட்டி தாழ்ந்ததா? தாழவில்லை! ஸுல்பிகா அதை விட்டாரா? விடவில்லை! இரு கைகளாலும் கட்டிப்பிடித்தபடி மிதந்தார். காற்றோ துறைமுகத்தை நோக்கி அடித்தது. நாங்கள் அசையாமல் கிடந்தோம். பெட்டி எங்களை முந்திக்கொண்டு போனது. நிப்றாஸ் எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தினார்: "ராத்தா! கொஞ்சம் மெதுவாப் போங்க!"

கடற்படையின் காவல் படகொன்று விரைந்து வந்தது. அதில் நின்ற அதிகாரி நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்தது கொஞ்சம் தமிழ். பெட்டியைக் கண்டு திகைத்தார்.

"அக்கா, பெட்டி விடுங்க! உள்ள என்ன?"

"என்ட வீடு!"

"வீடா?"

"ஓம். ரெண்டு அறை, குசினி, கிணறு!"

"ஆள் இருக்கா?"

"அஞ்சு பேர்! ஒருத்தர் வயசான ஆள்!"

அதிகாரியின் முகம் வெளுத்தது. வானொலியில் கரைக்கு அறிவித்தார்: பெட்டியொன்று, உள்ளே ஐந்து பேர், ஒருவர் முதியவர், கிணறும் உண்டு. கரையில் இருந்து கேட்ட ஒரே கேள்வி: "பெட்டி எவ்வளவு பெரிசு?"

இறங்குதுறைக்கு எல்லோரும் வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டரை. எங்களையும் இழுத்து வந்திருந்தார்கள். பெட்டியைத் திறக்கப் பார்த்தார்கள். இருவர் இழுத்தார்கள், நால்வர் இழுத்தார்கள். கொளுக்கிகள் கழன்றன; மூடி அசையவில்லை. வெட்டலாம் என்றார் அதிகாரி. "வெட்டினா உறுதியும் வெட்டுப்படும்" என்று ஸுல்பிகா பெட்டிமேல் படுத்துவிட்டார். பாவம், தொப்பலாய் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அப்போதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "மணி என்ன?"

லாபிருக்குத் தொலைபேசி எடுத்தோம்.

"சேர், வெயில்ல மூடின பெட்டி கடல்ல குளிர்ந்து போச்சு. உள்ளுக்குள்ள காத்துச் சுருங்கி மூடியை இழுத்துப் பிடிக்குது. வெயில்ல வையுங்க. தானாத் திறக்கும்."

வைத்தோம். அரை மணி போனது. ஒரு மணி போனது. பெட்டி திறக்கவில்லை! ஸுல்பிகா அழத் தொடங்கினார். நான் அவருக்கு ஆறுதலாக, பொறுமையின் பெருமை பற்றி உரையாற்றிக்கொண்டே இருந்தேன். சிங்கள மாலுமிகளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை; ஆனாலும் இரண்டு இடத்தில் கை தட்டினார்கள். மீண்டும் லாபிர் அழைத்தார்.

"வெயில் இல்லையா சேர் அங்க?"

"நல்ல வெயில், தம்பி! நான் குடை பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறன்!"

"யாருக்குப் பிடிக்கிறீங்க?"

குனிந்து பார்த்தேன். பெரியோரே, தாய்மாரே, அந்த ஒரு மணி நேரமும் என் குடையின் நிழல் முழுவதும் பெட்டியின்மேல்தான் விழுந்திருந்தது!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஸுல்பிகா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறவேன்.

குடையை மடக்கினேன். இருபது நிமிடம் வெயிலில் நின்றோம். பிறகு 'டப்' என்று ஒரு சத்தம்! மூடி தானே எழுந்தது. உள்ளே உறுதி, உலர்ந்தபடி. அதன் கீழே ஐந்து பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள்: ஸுல்பிகா, அவருடைய உம்மா, மூன்று பிள்ளைகள். அதிகாரி ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தார். வானொலியைக் கையில் எடுத்துச் சொன்னார்: "அஞ்சு பேரும் சுகம். வீடும் சுகம்."

அவர்களே வாகனத்தில் ஏற்றிப் போனார்கள். மூன்று நிமிடம் பிந்தித்தான் விசாரணை அறைக்குள் நுழைந்தோம். ஆனாலும், ஆள் நனைந்து தாள் உலர்ந்து நின்ற அந்தக் கோலத்தைக் கண்ட பிறகு எவர் எங்களைத் திருப்பி அனுப்புவார்? பாதிப் பெயர்தான் எஞ்சியிருந்தது. அந்தப் பாதி, காணிப் பதிவேட்டில் இருந்த பெயரோடு பொருந்தியது. காணி ஸுல்பிகாவுக்கே உரியதாயிற்று!

என் இனிய மக்களே! இந்தக் கரையில் எத்தனை முறை ஓடியிருக்கிறோம்! போரின் வெடிக்கு அஞ்சி ஓடினோம், பொங்கி வந்த கடலுக்கு அஞ்சி ஓடினோம். கையில் பிள்ளையைத் தூக்கினோம், தோளில் தாயைத் தூக்கினோம். தாளைத் தூக்கினோமா? திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீடு இருந்ததற்குச் சாட்சியும் இல்லை. ஆகவேதான் சொல்கிறேன்: நமக்கு வேண்டியது ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய பெட்டி! ஓடும்போது பாரமாகாத பெட்டி! விழுந்தாலும் மிதக்கும் பெட்டி!

என்ன தாயே? எழுந்து நின்று சத்தமாய்ச் சொல்லுங்கள்.

"எங்களுக்கு வைக்கிறதுக்கு ஒரு பத்திரமும் இல்லையே ஐயா. எல்லாம் கடலோட போயிட்டு. வெறும் பெட்டியை வாங்கி என்ன செய்ய?"

தாயே, இந்தக் கேள்விக்கு என்னிடம் அலங்காரப் பேச்சு இல்லை. நாளை காலை எட்டு மணிக்கு இதே மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். வெறும் பெட்டியோடு வாருங்கள். தொலைந்த பத்திரங்களுக்கு மாற்றுக் கேட்டு, உங்கள் முதல் விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன். அதன் பிரதிதான் உங்கள் பெட்டிக்குள் போகும் முதல் தாள்.

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கும், ஒலிவாங்கியைப் பறிக்காமல் விட்ட தலைவி அவர்களுக்கும் என் நன்றி. அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எட்டு மணி, தாயே. பிந்தாமல் வாருங்கள்.