தண்ணீர் நீட்டிய கை

எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். அறிக்கைகளைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகியவன் அல்லன். விசாரணைக் குழுவினராகிய தாங்கள் கேட்ட விளக்கத்தை இயன்றவரை பணிவோடு அளிக்கிறேன்.

சிறுதொழில் செய்வோருக்குக் கானா அரசு தரும் கடனுதவி, நிதி நிறுவனங்கள் வழியாகவே போய்ச் சேரும். குமாசி நகரில் எந்த நிறுவனத்தை நம்பலாம் என்று நேரில் பார்த்துச் சொல்வது என் பணி. தையல்காரிகள் சிலர் தமக்குள் சேர்ந்து நடத்திய கடன் சங்கமும் விண்ணப்பித்திருந்தது. தகரக் கொட்டகை. தலைவி அஜுவா தனோவா, அரசு அலுவலர் வருகிறார் என்று தெரிந்தும் ரப்பர்ச் செருப்போடு நின்றார். இத்தகையோர் நிதி என்ற சொல்லை உச்சரிப்பதையே சட்டம் தடுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

வந்தவருக்கு முதலில் தண்ணீர் தருவது நம் வழக்கம். அவர் குவளையை இடக்கையால் நீட்டினார். அவமதிக்கப்பட்டது நானல்ல, அரசு. வாங்காமல் எழுந்துவிட்டேன்.

வண்டியில் என் உதவியாளர் அசாரே முணுமுணுத்தார்.

"பாஸ், அந்தம்மா 'இடது கைங்க, பொறுத்துக்கோங்க'ன்னு கேட்டுட்டுத்தானே குடுத்தாங்க?"

"எனக்குக் கேக்கலையே."

"தெருவுல போன ஆட்டுக்கே கேட்டிருக்கும், பாஸ்."

"அப்ப ஆட்டையே அறிக்கை எழுதச் சொல்லுய்யா."

பொறுக்கும்படி கேட்டுவிட்டால் இடக்கை குற்றமாகாது. அதுவும் நம் வழக்கமே. நான் 'தகுதியில்லை' என்று எழுதினேன்.

அடுத்துப் பார்த்த நிறுவனத்தின் உரிமையாளர் போவாஃபோ, சற்றே குனிந்து வலக்கையால் குளிர்ந்த நீர் தந்தார். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகள் பிரிக்கப்படவில்லை. மேசை இழுப்பறைகள் காலி. தொலைபேசிக்குக் கம்பியே இல்லை. கவனித்தேன், கவனிப்பதுதானே என் தொழில். தேர்ச்சி அளித்தேன்.

சில வாரங்களில் தனோவா அம்மையார் என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"எங்களை விடுங்கய்யா. அந்தக் கம்பெனி கடன் குடுக்கிறதுக்கு முன்னாடியே தையல் மெஷினை அடமானமா கொண்டுவரச் சொல்லுது. எங்க சங்கத்துப் பிள்ளைங்க என்னைக் கேக்குறாங்க. நம்பலாங்களா?"

"அரசாங்கம் பாத்துத் தேர்ந்தெடுத்த கம்பெனிம்மா. உங்க கொட்டகைன்னு நெனச்சீங்களா?"

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பெண்களிடம் என் வார்த்தையை அப்படியே சொல்லி அனுப்பினார். ஒரு ஞாயிறு காலை, அவர்கள் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த வேளையில், போவாஃபோ அவர்களிடம் அடமானமாக வாங்கிய இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு மறைந்தார். அந்த நிறுவனத்தின் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டே நின்ற தனோவா அம்மையார் அங்கேயே சரிந்து விழுந்தார். முதல் பக்கவாதத்தைத் தாங்கிய உடல் இரண்டாவதைத் தாங்கவில்லை.

அசாரேயிடம் நான் சொன்னது உண்மையன்று. எனக்குக் கேட்டது. கழுத்தில் கட்டிய துணியில் அசைவற்றுத் தொங்கிய அம்மையாரின் வலக்கையையும் உள்ளே நுழைந்தவுடனேயே பார்த்திருந்தேன்.

இழப்புகள் வருமாறு: தையல் இயந்திரங்கள் நாற்பத்தொன்று. கடன் சங்கம். தனோவா அம்மையார். அன்று எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய மரியாதை.